பரங்கிக்காய் அழுகல்: காரணமறிந்து காக்கும் முறை

வீட்டில் வளர்த்த பரங்கிக்காய் அழுகினால், மருந்து தேடுவதற்கு முன் அழுகல் காயின் எந்த இடத்தில் தொடங்கியது என்று பார்க்க வேண்டும். பூ முனையா, தோலிலுள்ள துளையா, மண்ணில் படிந்த பக்கமா, காம்பா என்பதைப் பொறுத்தே தீர்வு மாறுகிறது.

எலுமிச்சை அளவுப் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி அழுகுவது பெரும்பாலும் நோயன்று. மகரந்தம் சேராததன் விளைவு. பரங்கியின் ஆண் பூவும் பெண் பூவும் விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடுவதால், தேனீக்கள் அரிதாக வரும் மாடித் தோட்டங்களில், காலையிலேயே ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தை, அடியில் பிஞ்சுள்ள பெண் பூவின் நடுவில் தடவிவிட வேண்டும். காய் பிடித்ததும் நுனியில் ஒட்டியிருக்கும் வாடிய பூவைக் கிள்ளிவிடுவதும் நல்லது. மழைக்காலத்தில் அந்த ஈரப் பூவில் முளைக்கும் பூசணம் அப்படியே காய்க்குள் இறங்கிவிடும்.

நம் தோட்டங்களில் மிகவும் அஞ்ச வேண்டியது பழ ஈ என்றே கருதுகிறேன். பெண் ஈ இளங்காயின் தோலைத் துளைத்து முட்டையிட, உள்ளே புழுக்கள் சதையைத் தின்கின்றன. வெளித்தோற்றம் கெடாதபோதே காயின் உட்புறம் கூழாகிவிடுகிறது. துளையருகே பிசின் கசிந்து உறைந்திருப்பதே முதல் அடையாளம். மகரந்தம் சேர்ந்த ஓரிரு நாளில் பிஞ்சை மெல்லிய துணிப்பையால் மூடி, அது பருக்கப் பருக்கப் பையை மாற்றுவது உறுதியான காப்பாகும். கியூலூர் என்னும் கவர்ச்சி மணப்பொருள் வைத்த பொறி ஆண் ஈக்களையே ஈர்ப்பதால், அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. புழு விழுந்த காயை எருக்குழியில் எறிந்தால் புழுக்கள் மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுவாகி மீண்டும் ஈயாக வரும். ஆகவே அதைப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டிச் சில நாள் கடும் வெயிலில் வைக்க வேண்டும், அல்லது இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும்.

பூ முனையில் தோல்போன்ற கரும்பழுப்புத் திட்டு தோன்றினால், காய்க்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை என்று பொருள். மண்ணில் அந்தச் சத்து இருந்தும், ஒருநாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று நீர் பாய்வதாலேயே இக்குறை பெரும்பாலும் நேர்கிறது. முட்டை ஓட்டுத் தூள் மெதுவாகவே கரைவதால் இப்போதுள்ள காய்க்கு உதவாது. சீராக நீர் ஊற்றி, வேரடி மண்ணைக் காய்ந்த இலைதழைகளால் மூடி (மூடாக்கு), யூரியாவைக் குறைப்பதே வழி.

ஆடிப்பட்டத்தில் விதைத்த கொடியின் காய்கள் வடகிழக்குப் பருவமழையில் நனைவதால் அவற்றின் அடிப்பக்கம் எளிதில் அழுகும். ஒவ்வொரு காயின் கீழும் ஓடோ பலகையோ வைத்து, நீரை வேரடியில் மட்டும் காலையில் ஊற்றுங்கள். விதைக்கும்போதே, நோய்ப் பூசணங்களை அடக்கும் நன்மைப் பூசணமான டிரைக்கோடெர்மா விரிடியை மட்கிய எருவில் கலந்து மண்ணில் இடலாம்.

மென்மையாகி நீர் கசியும் காயை எம்மருந்தும் மீட்காது; அதை உடனே அறுத்து அகற்றினால் மற்றவை தப்பும். மேல்தோல் கீறல் காய்ந்து தக்கைபோல் இறுகிவிட்டால் காயைக் கொடியிலேயே விடலாம்.

காம்பு காய்ந்து, தோலில் நகம் இறங்காத நிலையில், இரண்டு மூன்று அங்குலக் காம்புடன் அறுத்து, காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் பத்து நாள் பதப்படுத்துங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கினால் அது முறிந்து, அந்தக் காயத்தின் வழியே அழுகல் நுழையும். முழுக் காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். 10 பாகை செல்சியசுக்குக் கீழே அதன் சதை குளிரால் கெட்டு விரைவில் அழுகும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பலகையில் பரப்பி, வாரம் ஒருமுறை திருப்பிப் பார்த்து, தோலில் தழும்புள்ளவற்றை முதலில் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.