முங்குன கொள்ளக்கப்பல்ல பொதையல் தேடுறது எப்பிடி

நம்ம பந்திங் தோட்டத்துப் பசங்க மோரிப் கடற்கரைக்குப் போயிட்டு வந்து, அண்ணே கொள்ளக்காரன் கப்பல எப்பிடி தேடுறதுன்னு கேட்டானுங்க, எனக்கு உசுரான விஷயம், அதனால வெவரமா சொல்றேன்.

எடுத்தவொடன தண்ணில எறங்காதீங்க. மொத வேல பழைய ரெக்கார்ட படிக்கிறதுதான். சாம் பெல்லாமிங்கிற கொள்ளக்காரனோட விடா கப்பல் 1717 ஏப்ரல்ல அமெரிக்காவுல கேப் காட் கிட்ட புயல்ல கவுந்துச்சு, அப்ப கவர்னர் அனுப்புன சவுத்தாக்ங்கிறவரு எடத்த மேப்ல குறிச்சு வச்சாரு, பாரி கிளிஃபோர்ட் அந்த மேப்ப வச்சுத் தேடி 1984ல புடிச்சாரு. 1817ல மலாக்கா பக்கம் முங்குன டயானாவும் அப்பிடித்தான், அது சரக்குக் கப்பல், பழைய ரெக்கார்ட பொரட்டிதான் 1993ல கண்டுபிடிச்சாங்க, உள்ள பொட்டி பொட்டியா சீனப் பீங்கான்.

எடம் ஓரளவுக்கு தெரிஞ்சா படகு பின்னாடி மேக்னடோமீட்டர்ங்கிற காந்தக் கருவிய கட்டி இழுக்கணும். இது தங்கம் வெள்ளிய காட்டாது, இரும்பத்தான் காட்டும், அதனால நீங்க தேடுறது காச இல்ல, பீரங்கியும் நங்கூரமும்தான். செம்பன நெர மாதிரி நேர் கோடா போயி திரும்பி வரணும், ஒரு நெர விட்டுப்போச்சுன்னா கப்பலே விட்டுப்போயிரும். மோரிப் மாதிரி கலங்கல் தண்ணில கண்ண நம்பி தேடுற வேலையே ஆகாது.

கெடச்சப்பறம்தான் நெறைய பேரு கெடுத்துருவாங்க. கடல்ல கெடந்த இரும்பு, மணலும் சுண்ணாம்பும் ஒட்டி கல்லு மாதிரி கட்டியா இருக்கும், சுத்தியால ஒடைக்கவே கூடாது, எக்ஸ்ரே எடுத்து பார்த்தா உள்ள காசோ துப்பாக்கியோ தெரியும். காயவும் விடாதீங்க, உப்பு ஏறுன இரும்பு காஞ்சா வெடிச்சு உதிந்துரும், தண்ணில ஊற வச்சு உப்ப எறக்கவே மாசக்கணக்கு, சிலதுக்கு வருஷக்கணக்கு ஆகும். அது எந்தக் கப்பல்னும் நிரூபிக்கணும்ல, 1985ல 1716னு வருஷத்தோட பேரு பொறிச்ச மணி கெடச்சப்பறம்தான் விடாவுக்கு சந்தேகம் தீந்துச்சு.

நம்ம மலேசியாவுல 2005 தேசிய பாரம்பரியச் சட்டம் இருக்கு, லைசென்ஸ் இல்லாம கடலுக்கடில தோண்டக்கூடாது, எதாச்சும் தட்டுப்பட்டா பாரம்பரிய ஆணையர் கிட்ட சொல்லியாகணும். ஜிபிஎஸ்ல எடத்த குறிச்சுக்குங்க, போட்டோ எடுங்க, பொருள அங்கயே விட்டுட்டு வந்து ரிப்போர்ட் பண்ணுங்க.