எண்ணெய்ப் பசையோடு உதிரும் பொடுகு: மருந்து ஷாம்புவைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

தலையில் பிசுபிசுப்பு, மஞ்சள் கலந்த செதில், அரிப்பு. கூடவே புருவம், மூக்கோரம், காதுக்குப் பின்புறம் எல்லாம் சிவந்து உரிகிறதா? இது செபோரிக் டெர்மடைடிஸ் என்ற தோல் அழற்சியாக இருக்கலாம். அழுக்கால் வருவதில்லை, பிறருக்கு ஒட்டவும் ஒட்டாது. எல்லார் தோலிலும் வாழும் மலாசீசியா என்ற ஈஸ்ட் (ஒரு வகைப் பூஞ்சை), தோல் சுரக்கும் எண்ணெயை உண்டு வளர்கிறது. சிலருடைய தோலுக்கு மட்டும் அது ஒத்துக்கொள்வதில்லை.

படி 1: பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்க விளம்பர வாசகம் எதற்கும் உதவாது. கீட்டோகோனசோல், ஜிங்க் பைரிதியோன், செலினியம் சல்ஃபைடு ஆகிய மூன்றுமே ஈஸ்ட்டை அடக்குபவை. ஏதாவது ஒன்று இருந்தால் போதும். முடிக்குச் சாயம் பூசியவர்கள் செலினியத்தைத் தவிர்க்கலாம், நிறம் மாறக்கூடும்.

படி 2: செதில் தடித்து அப்பியிருந்தால் முதலில் சாலிசிலிக் அமில ஷாம்பு போட்டு இளக்குங்கள். நகத்தால் சுரண்ட வேண்டாம்.

படி 3: இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நுரை வந்ததும் அலசிவிட்டால் மருந்து வேலை செய்ய நேரமே இல்லை. முடியை வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தோலில் படும்படி தேய்த்து, 5 நிமிடம் அப்படியே விடுங்கள். மருந்து தேவைப்படுவது தோலுக்கு, முடிக்கு அல்ல. அப்புறம் நன்றாக அலசுங்கள். முடி வறண்டால் நுனியில் மட்டும் கண்டிஷனர் போடலாம்.

படி 4: கீட்டோகோனசோல் என்றால் வாரம் 2 முறை, 2 முதல் 4 வாரம். மற்றவற்றுக்கு லேபிளில் உள்ளபடி. சரியானதும் அடியோடு நிறுத்தினால் திரும்ப வரும். வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒரு முறை தொடருங்கள். செதிலை அடக்க ஆலிவ் எண்ணெய் தடவுவதும் வேண்டாம், ஈஸ்ட்டுக்கு அது தீனி.

படி 5: முகத்துக்குக் கீட்டோகோனசோல் அல்லது குளோட்ரிமசோல் கிரீமை மெல்லியதாகத் தடவுங்கள், கண்ணில் படாமல். சிவப்பு அதிகமென்றால் 1% ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு கிரீம் சில நாட்களுக்கு மட்டும். நீண்ட நாள் பூசினால் தோல் மெலிந்துவிடும்.

4 வாரமாகியும் மாற்றமில்லை, சீழ் வைக்கிறது, முடி கொத்தாக உதிர்கிறது என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கைக்குழந்தைக்கு இவற்றில் எதையும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.