அறிவியல் கண்காட்சிக்கு இளைய மாணவர்களை வழிநடத்துவது எப்படி?

ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு வழிகாட்டும் மேல்வகுப்பு மாணவர், தலைப்பைத் தாமே கொடுத்துவிடாமல், வயலிலும் வாய்க்காலிலும் அன்றாடம் காண்பவற்றிலிருந்து அவர்களே ஒரு கேள்வியை எழுப்பும்வரை பொறுத்திருக்க வேண்டும். வேதாரண்யம் பக்கத்து மாணவி ஒருத்தி, உப்பு ஏறிய நிலத்தில் நெல் ஏன் சரியாக முளைப்பதில்லை என்று கேட்டால், லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு இருந்தால் முளைப்பு குறைகிறது என அதை அளக்கக்கூடிய கேள்வியாக மாற்ற உதவுங்கள்.

உப்பில்லாத நீர், லிட்டருக்கு 3, 6, 12 கிராம் உப்புக் கரைத்த நீர் என நான்கு தட்டுகளில், ஈரத்துணியின் மேல் ஒரே ரக விதைநெல்லைத் தட்டுக்கு 50 வீதம் பரப்பி, முளைத்தவற்றை 7 நாள்கள் நாள்தோறும் எண்ணச் சொல்லலாம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு என்று சொன்னால் இந்த அளவுகள் அவர்களுக்கு எளிதில் பிடிபடும். நீர் ஆவியானால் உப்பின் அடர்த்தி கூடிவிடும். ஆகவே தட்டுகளை மூடிவைக்க வேண்டும். உப்பில்லாத தட்டு எதற்கு என்பதை நீங்கள் விளக்குவதைவிட அவர்கள் வாயாலேயே சொல்லவைப்பது முக்கியம், ஏனெனில் நடுவர் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார். எதிர்பாராத எண் வந்தால் குறிப்பேட்டில் அழிக்கவிடாமல், அந்தத் தட்டை மட்டும் மீண்டும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்க அட்டையைக் கடைசியில் செய்தால் போதும்.