முதல் நாளே பாதி வேலை: குதிரைவாலிக் கூட்டாஞ்சோறு

ராத்திரிச் சாப்பாட்டில் நேரத்தைத் தின்பவை மூன்று: பருப்பு வேகவைப்பது, காய் நறுக்குவது, மசாலா அரைப்பது. இவற்றை முதல் நாளே முடித்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், மறுநாள் வேலைவிட்டு வந்து முக்கால் மணியில் சாப்பிட உட்காரலாம். சோற்றை மட்டும் முன்கூட்டி ஆக்க வேண்டாம். ஆறினால் குதிரைவாலி இறுகிக் கட்டியாகிவிடும்.

பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசலில் விளையும் தானியம் இது, மதுரைக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். பளிச்சென்று வெள்ளையாக இருப்பது தவிடு போனது. லேசாகப் பழுப்பாக இருப்பதில்தான் நார்ச்சத்து அதிகம். ஆனால் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். அரைக் கிலோவுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்.

நாலு பேருக்கு, 200 மில்லி டம்ளர் கணக்கில்: குதிரைவாலி ஒன்றரை, துவரம்பருப்பு அரை, முருங்கைக்காய் 1, கேரட் 1, அவரைக்காய் 100 கிராம், கத்தரிக்காய் 4, சின்ன வெங்காயம் 15, நெல்லிக்காய் அளவு புளி. அரைக்க: தேங்காய்த் துருவல் அரை டம்ளர், காய்ந்த மிளகாய் 6, சீரகம் ஒரு ஸ்பூன், பூண்டு 4 பல்.

முதல் நாள் ராத்திரி

பருப்பை இருபது நிமிடம் ஊறவைத்து, மஞ்சள்தூள், நாலு சொட்டு எண்ணெய் விட்டுக் குக்கரில் மூன்று விசில். உப்பும் புளியும் இப்போது சேரக்கூடாது; புளி பட்டால் பருப்பும் காயும் வேக அடம்பிடிக்கும். முருங்கை, கேரட், அவரையை முக்கால் பதம் வேகவைத்துப் பருப்போடு கலந்துகொள்ளுங்கள். கத்தரிக்காயை விட்டுவிடுங்கள். முன்கூட்டி வெந்தால் மறுநாள் கரைந்துபோகும்.

நம்ம ஊர் வெக்கையில் கெட்டுப்போவதெல்லாம் ஆறவைக்கிற இடத்தில்தான். ஆழமான குக்கரில் அப்படியே விட்டால் நடுவில் சூடு மணிக்கணக்கில் தங்கிப் புளித்துவிடும். அகலமான தட்டில் பரப்பி, அடியில் தண்ணீர்த் தாம்பாளம் வைத்தால் சீக்கிரம் ஆறும். இரண்டு மணி நேரத்துக்குள் மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். மூன்று நாள் தாங்கும். அரைத்த தேங்காய் அவ்வளவு தாங்காது; தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாக அரைத்து, ஐஸ் டிரேயில் ஃப்ரீசரில் வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாளைக்கு மட்டும் இந்த ஏற்பாடு சரிப்படாது.

மறுநாள் சாயங்காலம்

வந்ததும் குதிரைவாலியைக் கழுவிக் கல் அரித்து இருபது நிமிடம் ஊறப்போடுங்கள். கனமான பாத்திரத்தில் மூன்று ஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயமும் கத்தரிக்காயும் வதக்கி, பருப்புக் கலவையோடு மூன்றரை டம்ளர் தண்ணீர் விடுங்கள். தளதளவென்று கொதித்த பிறகுதான் குதிரைவாலி, உப்பு, அரைத்த மசாலா. கொதிக்குமுன் போட்டால் தானியம் அடியில் படிந்து, பருப்போடு ஒட்டி அடிப்பிடிக்கும். மூடி, சிம்மில் பன்னிரண்டு நிமிடம். நடுவில் ஒருமுறை கரண்டியை அடிவரை விட்டுக் கிளறுங்கள். தானியம் வெந்து மலர்ந்ததும் கரைத்த புளியை ஊற்றி, இன்னும் ஐந்து நிமிடம்.

இறக்கும்போது கொஞ்சம் தளர்வாக இருப்பதே பதம், தட்டுக்கு வருவதற்குள் இறுகிவிடும். ரொம்ப இறுகினால் வெந்நீர் தெளியுங்கள். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் சோறு தனி, தண்ணீர் தனி என்று நிற்கும்.

மிஞ்சியதைக் காலை டிபனுக்கு வைப்பதானால் ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் கையால் உதிர்த்து வெந்நீர் தெளித்து, இட்லிப் பானையில் ஆவி பறக்கச் சூடேற்றுங்கள். அதிலும் மிஞ்சினால் மறுபடி சுடவைக்க வேண்டாம்.