எம்ஜிபி இரட்டை எஸ்யூ கார்பரேட்டர் டியூனிங்: கார்பரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில், பழைய பிரிட்டிஷ் கார்களை மட்டுமே பார்க்கும் ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்கிறேன். எம்ஜிபி எடுத்து வருகிறவர்களில் பாதிப் பேர் கதவைச் சாத்துவதற்கு முன்பே சொல்வது, "கார்பரேட்டர்தான் போச்சு, எல்லாத் திருகையும் திருப்பிப் பார்த்துட்டேன்." அந்த வாக்கியத்தின் இரண்டாவது பாதியைக் கேட்டாலே வயிறு கலங்கும். கார்பரேட்டரில் கோளாறு இல்லாத வண்டியில்கூட இப்போது இருக்கிறது என்று அர்த்தம்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை அபிங்டனில் தயாரான வண்டி, ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்தது. அதனால் உதிரி பாகம் தாராளமாகக் கிடைக்கும், பழைய கார் வேலை பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வண்டி இல்லை. எஞ்சின் 1798 சிசி பி சீரிஸ். நம்ம ஊர் அம்பாசடரில் 1489 சிசியாக ஓடியதும் இதே குடும்பம்தான். அம்பாசடர் டாப்பெட் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த பானெட்டைத் திறந்ததும் சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

இங்கே சொல்வது ஹெச்எஸ்4 கார்பரேட்டர் இரண்டும் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிப்யூட்டரும் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடுவது) உள்ள வண்டிக்கு, அதாவது 1960களின் வண்டிகளுக்கு. வரிசை முக்கியம்: டாப்பெட் (வால்வு இடைவெளி), பாயிண்ட் (டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் திறந்து மூடும் ஸ்விட்ச்), டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்), அப்புறம்தான் கார்பரேட்டர். வரிசையை மாற்றினால் ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் மறைப்பீர்கள், அவ்வளவுதான் நடக்கும்.

கை வைப்பதற்கு முன்

ஸ்பேனர் விஷயம் முதலில். எம்ஜிபியில் நட்டு போல்ட்டு பெரும்பாலும் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து ஒப்பேற்றினால் நட்டின் முனை மழுங்கிப்போகும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் வைத்தது, ஒரு முழம் ரப்பர் டியூப், தீயணைப்பான், இவை போதும். எஞ்சினை ஓட்டும்போது பட்டறைக் கதவு திறந்தே இருக்கட்டும்.

1967 வரை வந்த வண்டிகள் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் ப்ளஸ் முனைதான் பாடியோடு சேரும். சீட்டுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருக்கும், நடுவில் யாராவது மாற்றிப் போட்டிருக்கலாம், அதனால் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மின்சார பாகங்கள் செய்த லூகாஸை 'இருட்டின் இளவரசன்' என்று இங்கே கேலி செய்வார்கள். என் அனுபவத்தில் அந்த இருட்டில் முக்கால்வாசி துருப்பிடித்த எர்த் ஒயரால் வந்தது.

இப்போது சாவியைத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பின்னாலிருந்து பெட்ரோல் பம்ப் 'டக் டக் டக்' என்று அடித்து, வேகம் குறைந்து, நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கேயோ கசிகிறது, இல்லை காற்று இழுக்கிறது, இல்லை டேங்க் காலி. சிரிக்காதீர்கள், டேங்க் காலியான வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் இருக்கிறார். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் அதில் ஊறிப் பிசுபிசுத்துப்போகும். விரலால் அழுத்திப் பாருங்கள், விரலில் கருப்பு ஒட்டினால் ஹோஸை மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை.

டாப்பெட்

எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். நாலு பிளக்கையும் கழற்றுங்கள், கழற்றின வரிசையிலேயே வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும். ராக்கர் கவரை எடுத்துவிட்டு, வண்டியை நாலாவது கியரில் போட்டு மெல்லத் தள்ளினால் எஞ்சின் சுற்றும்.

எட்டு வால்வுக்கு ஒன்பது கணக்கு. எட்டாவது வால்வு முழுக்க அமுங்கியிருக்கும்போது ஒன்றாவதைச் சரி செய்யுங்கள், ஆறு அமுங்கினால் மூன்று, நாலு அமுங்கினால் ஐந்து. கூட்டினால் எப்போதும் ஒன்பது. இடைவெளி 0.015 அங்குலம், பட்டறை மொழியில் 15 தௌ. லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூ டிரைவரால் திருப்பி, கேஜ் லேசாகப் பிடித்துக்கொண்டு நகர்கிற நிலையில் நிறுத்துங்கள். லாக் நட்டை முடுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே ஒரு மயிரிழை திரும்பும், அதனால் முடுக்கியபின் மறுபடி அளந்தே ஆக வேண்டும். முதல் முறை எட்டு வால்வுக்கும் ஒன்றரை மணி நேரம் ஆனால் கவலைப்பட வேண்டாம்.

ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. ராக்கரின் முனை, வால்வு தண்டு பட்டுப் பட்டு நடுவில் குழிந்திருக்கும். தட்டையான கேஜ் குழியின் இரண்டு விளிம்பிலும் பாலம் மாதிரி உட்கார்ந்துகொண்டு 15 தௌ என்று பொய் சொல்லும், உண்மையில் அதைவிட அதிகம் இருக்கும். அளவு சரியாக இருந்தும் சத்தம் போகவில்லை என்றால் ராக்கரைத் தடவிப் பாருங்கள், நகம் குழியில் மாட்டும்.

பாயிண்ட், டைமிங்

டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் திறந்து, பாயிண்ட் முழுக்கத் திறக்கும் இடத்தில் 15 தௌ வையுங்கள். டாப்பெட்டுக்கும் இதுவே என்பதால் மறக்காது. பிளக் இடைவெளி 25 தௌ. மூடியின் உள்ளே மெல்லிய கருப்புக் கோடு தெரிந்தால் அது விரிசல், கரண்ட் அந்த வழியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. வேக்குவம் டியூபை கார்பரேட்டர் பக்கத்தில் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சுங்கள். பாயிண்ட் தட்டு நகர்ந்து, நாக்கால் அடைத்திருக்கும் வரை அப்படியே நிற்க வேண்டும். வெறும் காற்று வந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது.

டைமிங்குக்குப் பல்பு. அதன் ஒரு ஒயரை டிஸ்ட்ரிப்யூட்டரின் சின்ன ஒயர் வரும் முனையிலும் இன்னொன்றை எர்த்திலும் மாட்டுங்கள். நாலாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறந்து ஆடுகிற இடத்தில், ஒன்றாவது சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கும். கீழே கிராங்க் புல்லியில் வெட்டு ஒன்று இருக்கும், டைமிங் கவரில் முட்கள் இருக்கும். பெரிய முள் பிஸ்டன் உச்சி, மற்றவை 5, 10 டிகிரி. வெட்டை 10 டிகிரிக்குக் கொண்டுவந்து, சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிப்யூட்டரைத் தளர்த்தி மெல்லத் திருப்புங்கள். பல்பு எரிகிற அந்த நொடிதான் பாயிண்ட் பிரிகிற நொடி. அங்கேயே முடுக்கிவிடுங்கள். முடித்ததும் சாவியை அணைக்க வேண்டும், பாயிண்ட் மூடிய நிலையில் அப்படியே விட்டால் இக்னிஷன் காயில் (coil) சூடேறும். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும்.

இந்த இடத்தில் ஒரு சொந்தக் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பச்சை நிற எம்ஜிபி, சூடானதும் மிஸ்ஸிங் அடித்து நின்றுவிடும். நான் கார்பரேட்டர் இரண்டையும் இறக்கி, கழுவி, ஃப்ளோட் சரிபார்த்து, ஏற்றி, மறுநாளும் அதையே செய்தேன். மூன்றாம் நாள் பெரியவர் வந்து, டீக் கோப்பையைக் கீழே வைக்காமலேயே கண்டென்சரை (பாயிண்ட்டோடு இணைந்த சின்ன மின் பாகம்) மாற்று என்றார். இரண்டு வாரத்துக்கு முன் நானே மாட்டிய புத்தம் புதுக் கண்டென்சர் அது. மாற்றினேன், ஓடியது. அன்றிலிருந்து, கழற்றிய பழைய கண்டென்சரோ ரோட்டரோ நன்றாக இருந்தால் குப்பையில் போடுவதில்லை, ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

கடைசியில் கார்பரேட்டர்

எஸ்யூ என்பது ஸ்கின்னர் சகோதரர்களின் பெயரிலிருந்து வந்தது. குடும்பத் தொழில் செருப்புக் கடை. அவர்களுடைய முதல் கார்பரேட்டரில் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்திதான் இருந்ததாம், வீட்டில் கிடைத்த சரக்கு! தத்துவம் இன்றும் அதுதான். எஞ்சின் எவ்வளவு காற்று இழுக்கிறதோ அவ்வளவு பிஸ்டன் உயரும், அதோடு சேர்ந்து உயரும் ஊசி, பெட்ரோல் வரும் ஜெட்டின் ஓட்டையை அந்த அளவுக்குத் திறந்துவிடும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி, த்ராட்டில் தண்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடினால் அங்கே காற்று புகுகிறது, அந்த வண்டியை எந்தக் கொம்பனாலும் டியூன் செய்ய முடியாது, புஷ் போட்டுவிட்டு வாருங்கள். அடுத்து, மேலே உள்ள டேம்பரை (எண்ணெயில் மூழ்கும் தண்டுள்ள மூடி) கழற்றி, விரலால் பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். உள்ளே 'டக்' என்று உலோகம் தட்டுகிற சத்தம் கேட்க வேண்டும். மெதுவாக இறங்கி மாட்டிக்கொண்டால் மேல் கூட்டைக் கழற்றித் துடைக்க வேண்டும். துணியும் கிளீனரும் போதும், உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். ஒரு கார்பரேட்டரின் பிஸ்டனையும் கூட்டையும் மற்றதோடு மாற்றிவிடவும் கூடாது, அவை ஜோடி ஜோடியாகப் பொருத்தப்பட்டவை. பிஸ்டன் நடுக்குழாயின் விளிம்புக்கு மேல் 13 மில்லிமீட்டர் வரை 20 கிரேடு எண்ணெய் ஊற்றி டேம்பரை மூடுங்கள்.

கீழே உள்ள அறுகோண நட்டை மேலே ஏற்றினால் லீன் (பெட்ரோல் குறைவு), கீழே இறக்கினால் ரிச் (பெட்ரோல் அதிகம்). ஜெட் மேல் விளிம்போடு சமமாகும் வரை ஏற்றி, பிறகு முழுதாக இரண்டு சுற்று, அதாவது பன்னிரண்டு பக்கம் இறக்குங்கள். இரண்டு கார்பரேட்டருக்கும் இதே. இரண்டையும் இணைக்கும் த்ராட்டில் கிளாம்பையும் சோக் கிளாம்பையும் தளர்த்திவிடுங்கள். ஐடில் திருகை (ஆக்சிலேட்டர் மிதிக்காதபோது ஓடும் வேகத்துக்கானது), அதன் முனை எதையும் தொடாத அளவுக்கு வெளியே எடுத்து, மறுபடி தொடும் இடத்திலிருந்து ஒரு சுற்று உள்ளே திருப்புங்கள்.

எஞ்சினை நன்றாகச் சூடேற்றுங்கள். டியூபின் ஒரு முனை காதில், மறுமுனை கார்பரேட்டர் வாயில், எப்போதும் அதே இடத்தில், அதே ஆழத்தில். 'உஸ்ஸ்' என்ற சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி கேட்கும் வரை ஐடில் திருகுகளைத் திருப்ப வேண்டும். இதற்குக் கருவி விற்கிறார்கள், நானும் வைத்திருக்கிறேன், டியூபைத்தான் எடுக்கிறேன்.

பிறகு மிக்ஸ்சர். நட்டு இரண்டையும் ஒரே அளவு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, எஞ்சின் ஒழுங்காக ஓடிக்கொண்டே அதிக வேகம் எடுக்கிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு கார்பரேட்டரின் அடியிலும் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் (ஜெட்டில் இருக்கும் ஊசி அல்ல), அதை மேலே அழுத்தினால் பிஸ்டன் உயரும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்திக் கவனியுங்கள். வேகம் ஏறி அங்கேயே நின்றால் ரிச். உடனே தடுமாறி விழுந்தால் லீன். துளி ஏறி, பழைய இடத்துக்கே இறங்கினால் சரி. சைலன்சர் பக்கம் போய்க் காது கொடுத்தாலும் தெரியும்: தாளம் தப்பாமல் விட்டு விட்டு அடித்து, புகையும் கருப்பாக இருந்தால் ரிச், நிறமே இல்லாமல் தாறுமாறாகத் தெறித்தால் லீன். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும், ஆகவே உஸ்ஸையும் ஊசியையும் இரண்டு மூன்று தடவை மாறி மாறிப் பாருங்கள். நடுவில் ஒரு நொடி ஆக்சிலேட்டரை ஏற்றி, எஞ்சினுக்குள் தேங்கிய பெட்ரோலை வெளியேற்றிவிடுங்கள்.

திருப்தியானதும் கிளாம்புகளை முடுக்கி, முடுக்கும்போது எதுவும் நகரவில்லை என்று டியூபை வைத்துக் கடைசியாக ஒரு தடவை கேளுங்கள், ஃபில்டரைப் போடுங்கள், மேடு ஒன்று உள்ள சாலையில் பத்து மைல் ஓட்டுங்கள். மேட்டில் 'கிடுகிடு'வென்று கோலிக்குண்டு உருட்டுகிற சத்தம் வந்தால் டைமிங் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. டிஸ்ட்ரிப்யூட்டரின் பக்கவாட்டில் உள்ள சின்னச் சொரசொரப்பான நட்டை 'ஆர்' (R) பக்கம், அதாவது டைமிங் பின்னால் போகும் பக்கம், திருப்புங்கள்.

திரும்பி வந்து, சூடு தணிந்ததும் பிளக்குகளை அதே வரிசையில் கழற்றி வையுங்கள். முனை பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். முன் கார்பரேட்டர் 1, 2 சிலிண்டருக்கு, பின்னது 3, 4க்கு. முன் இரண்டு கருப்பாகவும் பின் இரண்டு பிஸ்கட்டாகவும் இருந்தால் முன் நட்டை மட்டும் ஒரு பக்கம் மேலே ஏற்றிவிட்டு, பிளக்குகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு பத்து மைல் போய் வாருங்கள்.