அறங்காவலராகக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னும் பின்னும்

பதினோரு வருடத்துக்கு முன்னால், வங்கி வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற அடுத்த மாதம், எங்கள் ஊர் உயிரியல் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிச் சுற்றுவட்டாரக் குளங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காக அவர் ஓர் அறக்கட்டளை தொடங்கியிருந்தார். அதில் நானும் அறங்காவலராகச் சேர வேண்டும் என்றார். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் கூந்தன்குளம் போய், மத்திய ஆசியாவிலிருந்து வந்திறங்கும் வரித்தலை வாத்துகளை வாய்பிளந்து பார்த்தவள் நான். உடனே சரி என்றேன். மறுநாள் அவர் ஒரு மஞ்சள் துணிப்பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே ரப்பர் பேண்டு போட்ட பில்கள், ஒரு பாஸ்புக், பாதிவரை எழுதிய தீர்மானப் புத்தகம். அந்தப் பைதான் என் வேலை என்று புரிய ஆறு மாதம் ஆயிற்று.

இப்போது இளையவர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். "காட்டுயிர்மேல ஆசை இருக்கு, ஞாயிற்றுக்கிழமை நேரமும் இருக்கு, அறங்காவலரா வரச் சொல்றாங்க, போகலாமா மேடம்?" தாராளமாகப் போங்கள். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு போங்கள். களப்பணிக்குத் தன்னார்வலராகப் போவது வேறு, அறங்காவலராக இருப்பது வேறு. தன்னார்வலர் கூட்டை எண்ணுவார். அடுத்த வருடமும் கூட்டை எண்ண ஆளும் பணமும் அனுமதியும் இருக்கிறதா என்று பார்ப்பவர் அறங்காவலர். இரண்டுக்கும் சம்பளம் கிடையாது, ஆனால் இரண்டாவதற்குச் சட்டப் பொறுப்பு உண்டு.

முதலில் கேட்க வேண்டிய காகிதங்கள்

சம்மதம் சொல்வதற்கு முன்னால் அறக்கட்டளைப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தது இருக்கும். கூடவே கடைசி மூன்று வருடத்துத் தணிக்கை அறிக்கை, தீர்மானப் புத்தகம், பாஸ்புக். "அதெல்லாம் ஆடிட்டர்கிட்ட இருக்கு" என்று பதில் வந்தால், ஆடிட்டரிடமிருந்து வரும்வரை காத்திருங்கள். அவசரப்பட வேண்டாம்.

பத்திரத்தை ஒரே மூச்சில் வாசித்துவிடலாம், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பக்கம்தான். நோக்கங்கள் என்ன என்று பாருங்கள். பறவைப் பாதுகாப்பு என்று மட்டும் எழுதிவிட்டு, பணத்தைக் கண் சிகிச்சை முகாமுக்குச் செலவழித்தால் நல்ல காரியமானாலும் தப்பு. குறைந்தபட்சம் எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், முடிவு பெரும்பான்மையிலா எல்லோரும் சேர்ந்தா, பதவிக்காலம் உண்டா அல்லது ஆயுள் முழுக்கவா, பத்திரத்தைத் திருத்த அதிகாரம் இருக்கிறதா என்று அடிக்கோடு போட்டுப் படியுங்கள். பெரும்பான்மை போதும் என்று பத்திரம் சொல்லாவிட்டால், அறங்காவலர்கள் அத்தனை பேரும் சேர்ந்துதான் செயல்பட வேண்டும் என்பது பொது விதி. திருத்தும் அதிகாரம் எழுதப்படாமல் விட்டிருந்தால், பின்னால் ஒரு வரியை மாற்றவும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கலாம்.

மகாராஷ்டிராவில் பொது அறக்கட்டளைகளுக்கென்று 1950ஆம் ஆண்டுச் சட்டமும் அறக்கட்டளை ஆணையரும் உண்டு. நம் மாநிலத்தில் எங்களைப் போன்ற அறக்கட்டளையை வருடாவருடம் வந்து பார்க்கும் அப்படியொரு அதிகாரி இல்லை. வருமான வரித்துறை கணக்கைப் பார்க்கும். பெரிய தவறு நடந்தால், அதில் அக்கறையுள்ள இருவர் நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குப் போடலாம். மற்றபடி கண்காணிப்பு என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நாம் ஐந்தாறு பேர்தான். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது; ஆனாலும் அதன் கோட்பாடுகளை நீதிமன்றங்கள் பொதுவாகப் பின்பற்றுகின்றன. அதில் ஒன்று: சக அறங்காவலர் செய்த தவறுக்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் தவறு தெரிந்தும் மறைத்தாலோ, தெரிந்த பிறகு நியாயமான காலத்துக்குள் ஒன்றும் செய்யாமல் இருந்தாலோ நீங்களும் பொறுப்பு. சும்மா பெயருக்கு இருக்கிறேன் என்று சொல்ல வழி கிடையாது.

தீர்மானப் புத்தகம்

மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் போதும். பொருள் நிரலை ஒரு வாரம் முன்னதாக அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் நான்கு கட்டைவிரல் விழுந்துவிட்டால் அது தீர்மானம் ஆகிவிடாது. அவசரத்துக்கு அப்படி முடிவெடுக்க நேர்ந்தாலும், பத்திரம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பார்த்து, அடுத்த கூட்டத்தில் பதிவு செய்யுங்கள்.

அந்தத் துணிப்பையில் இருந்த புத்தகத்தில் ஒரு பதிவு இப்படி இருந்தது: "குளத்துப் பணிகள் பற்றிப் பேசப்பட்டது. அனைவரும் ஏற்றனர்." எந்தக் குளம், என்ன பணி, எவ்வளவு? இரண்டு வருடம் கழித்து ஆடிட்டர் 42,000 ரூபாய்க்கு விளக்கம் கேட்டபோது யாருக்கும் நினைவில்லை. நல்லவேளை, வேலியடித்த ஆசாரியின் கையெழுத்துள்ள ரசீது பையின் அடியில் கிடைத்தது. இப்போது நான் எழுதும் முறை இது: "தீர்மானம் 4. குளத்தின் தென்கரையில் கூடு விழும் மரங்களுக்குக் கீழே 120 அடிக்கு வலை கட்ட, மூன்று விலைப்புள்ளிகளில் குறைந்ததான 18,600 ரூபாய் ஏற்கப்பட்டது. பணம்: பொது நிதி. பொறுப்பு: செயலாளர். பிப்ரவரி 10க்குள். விலைப்புள்ளி கொடுத்தவர்களில் ஒருவர் பொருளாளரின் மைத்துனர் என்பதைப் பொருளாளர் தெரிவித்து, இந்தப் பேச்சின்போது வெளியே இருந்தார்."

அந்தக் கடைசி வரிதான் புதிதாக வருபவர்களுக்குச் சங்கடம் தருகிறது. சின்ன ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். சொந்தக்காரரிடம் வாங்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சந்தை விலைக்கு மேல் ஒரு ரூபாய் போகக் கூடாது, விஷயத்தை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும், வாக்களிக்கக் கூடாது. அறங்காவலர்களுக்கும் அவர்கள் உறவினருக்கும் மிகையான பலன் போனால் வரிவிலக்குக்கே ஆபத்து. பொருளாளர் அன்றைக்குத் திண்ணையில் போய் உட்கார்ந்திருந்தார், நாங்கள் பேசி முடித்ததும் டீயோடு உள்ளே வந்தார். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

பணம்

வங்கிக் கணக்கில் ஒற்றைக் கையெழுத்து வேண்டாம். இருவர், முடிந்தால் மூவரில் எவராவது இருவர். முப்பத்துநான்கு வருடம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள் சொல்கிறேன், நல்ல மனிதர்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு அதிகம் தேவை. சந்தேகம் வராமல் அவர்களைக் காப்பாற்றுவது இரண்டாவது கையெழுத்து.

குறிப்பிட்ட வேலைக்கென்று வந்த பணத்தை வேறு வேலைக்குத் தொடாதீர்கள், "அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம்" என்றாலும்கூட. 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) என்று நம் வழக்கில் சொல்லும் பதிவுகள் எப்போது காலாவதியாகின்றன என்று காலண்டரில் குறித்து வையுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு 80ஜி சலுகை கிடையாது, அதை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நிதியாண்டுக்குள்ளேயே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். அதற்கு மேல் சேர்த்துவைக்க நினைத்தால் எதற்கென்று சொல்லி உரிய படிவத்தைக் காலத்தோடு கொடுக்க வேண்டும். இவையெல்லாம் ஆடிட்டர் பார்ப்பார். பார்த்தாரா என்று கேட்பது உங்கள் வேலை.

ஒன்றை மட்டும் கூடுதலாக எச்சரிக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளை இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், நம் தெருவில் பிறந்தவரே ஆனாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் அவருக்குப் பொருந்தும். பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அவரிடம் நூறு ரூபாய்கூட வாங்கக் கூடாது. க்யூஆர் அட்டையை அச்சடித்துக் கல்யாண மண்டபத்தில் வைப்பதற்கு முன்னால் இதை யோசியுங்கள்.

பிப்ரவரி மாதத் தொலைபேசி

2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், சிஎஸ்ஆர் என்பார்கள். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதனால் பிப்ரவரி பிறந்ததும் தொலைபேசி அடிக்கும். எங்களுக்கும் ஒரு வருடம் அடித்தது. 18 லட்சம். ஒரு குளத்தைச் சுற்றி நடைபாதை, விளக்கு, உட்கார பெஞ்சு, குளத்துக்குள் நிற்கும் முள்மரங்களை அகற்றித் தூர்வாருதல். மார்ச்சுக்குள் முடிய வேண்டும்.

எங்கள் வருடச் செலவே அப்போது நான்கு லட்சம். கூட்டத்தில் எல்லோர் முகத்திலும் மகிழ்ச்சி. எனக்கும்தான். அப்போது எங்கள் அறங்காவலர்களில் ஒருவரான விவசாயி அண்ணாச்சி, அதுவரை பேசாமல் இருந்தவர், மெதுவாகச் சொன்னார்: "அவங்களுக்கு முள்ளுமரம்னா எல்லாம் ஒண்ணுதான். ஆனா எந்த முள்ளுல கூடு இருக்குன்னு பார்க்காம கையெழுத்து போட வேண்டாம் மேடம்."

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குப் போனோம். முழங்கால் தண்ணீரில் நின்ற மரங்களில் பெரும்பாலானவை சீமைக் கருவேலம் அல்ல, நாட்டுக் கருவேலம். 63 மரங்களில் கூடு இருந்தது. மஞ்சள்மூக்கு நாரைகள் குச்சி சுமந்து வந்துகொண்டிருந்தன. ஒரு கூட்டில் தாய்ப்பறவை வெயிலுக்கு எதிராக இறக்கையைக் குடைபோல விரித்து நின்றது, அதன் நிழலில் வெள்ளைப் பஞ்சாக இரண்டு குஞ்சுகள். இந்தப் பக்கத்துக் குளங்களில் பிப்ரவரி, மார்ச் என்றால் கூட்டில் முட்டையும் குஞ்சும் இருக்கும் காலம். நிறுவனத்தின் நிதியாண்டும் பறவையின் கூடுகாலமும் நேருக்கு நேர் மோதும் மாதங்கள் அவை.

அறங்காவலர் என்ற சொல்லுக்கு எனக்கு அன்றுதான் பொருள் விளங்கியது. மரத்தை வெட்டாதே என்று கரையில் நின்று சொல்ல யாராலும் முடியும். பணம் வரும்போது மேசையில் உட்கார்ந்து சொல்வதற்கு அங்கே ஒருவர் இருக்க வேண்டும்.

நாங்கள் வெறுமனே மறுக்கவில்லை. எழுத்தில் பதில் அனுப்பினோம். குளம் நம்முடையதல்ல. அதன் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத்துறை. அவர்கள் அனுமதியில்லாமல் எதுவும் செய்ய முடியாது. கூடுகாலம் முடியும்வரை மரத்தில் கை வைக்கக் கூடாது. இரவு விளக்கு வேண்டவே வேண்டாம். அதற்குப் பதிலாகக் கரையைப் பலப்படுத்துவது, மழைக்கு முன்னால் நாட்டுக் கருவேலக் கன்று நடுவது, குளத்துக்குக் காவலிருக்கும் ஊர்க்காரர் இருவருக்கு இரண்டு வருடச் சம்பளம் என்று ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தோம். அந்த வருடம் பணம் வரவில்லை. அடுத்த வருடம், அதே நிறுவனம் ஆறு லட்சத்தோடு வந்தது, காவலர் சம்பளத்துக்கு. அதற்குள் கம்பெனி விவகாரத் துறையில் சிஎஸ்ஆர்-1 பதிவையும் முடித்து வைத்திருந்தோம், அது இல்லாமல் அந்தப் பணத்தை வாங்க முடியாது.

களத்தில் உங்கள் இடம்

காவலர் சம்பளம் என்றதும் ஒரு வார்த்தை. நாம் இலவசமாக வேலை செய்கிறோம் என்பதற்காக அவர்களும் தியாகம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரவெல்லாம் கரையில் கிடப்பவருக்கு ஒன்றாம் தேதி சம்பளம், டார்ச், மழைக்கோட்டு, விபத்துக் காப்பீடு. கூட்டத்தின் முதல் பொருளே இதுவாக இருக்கட்டும்.

தன்னார்வலர்கள் அடிபட்ட பறவையை வீட்டுக்குத் தூக்கிப் போய் வளர்த்துவிடுவார்கள். பாசம்தான். ஆனால் 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது அவர்களைச் சிக்கலில் மாட்டும், பின்னாலேயே அறக்கட்டளையையும். அடிபட்டதைக் கண்டதும் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல், அவர்கள் சொல்படி சிகிச்சை. செத்துக் கிடக்கும் விலங்கின் கொம்பையோ பல்லையோ எடுத்துவைக்கும் பழக்கமும் கூடாது, கையில் வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இதை ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம்.

அப்புறம், ஜனவரிப் பறவைக் கணக்கெடுப்புக்கு அறங்காவலர்களும் போக வேண்டும். படம் எடுக்க அல்ல. வருடத்துக்கு இரண்டு தடவையாவது குளக்கரையில் நிற்காதவர் மேசையில் சரியான கேள்வி கேட்க மாட்டார்.

தொடங்கியவருக்குப் பிறகு

வாத்தியார் மூன்று வருடத்துக்கு முன்னால் காலமானார். அவர் படுத்த படுக்கையாக இருந்தபோதே ஒன்றைச் செய்தார், அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். செயலாளரை அழைத்து, அறக்கட்டளை சம்பந்தமான எல்லாவற்றிலும் தன் கைபேசி எண்ணை மாற்றச் சொன்னார். வருமான வரித் தளம், வங்கி, தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்யும் அரசின் தர்ப்பண் தளம், மின்னஞ்சல் எல்லாம். எங்களுக்குத் தெரிந்த இன்னோர் அறக்கட்டளையில் நிறுவனர் திடீரென்று போய்விட்டார். ஓடிபி எல்லாம் அணைந்துகிடந்த ஒரு கைபேசிக்கே போய்க்கொண்டிருந்தது. அவர்கள் ஒரு வருடக் கணக்கைத் தாக்கல் செய்ய முடியாமல் தவித்தார்கள், காவலர்களுக்கு ஐந்து மாதம் சம்பளம் நின்றது.

ஆகவே முதல் கூட்டத்திலேயே பதவிக்காலம் பற்றிக் கேளுங்கள். பத்திரம் ஆயுள் முழுக்க என்று சொன்னாலும், நான்கு வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் தாமாக மறுபரிசீலனைக்கு வருவது என்று தீர்மானம் போடலாம். நாற்பது வயதுக்குக் கீழே ஒருவரும் குளத்து ஊர்க்காரர் ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும்.

எனக்கு வருகிற மார்ச்சோடு மூன்றாவது தவணை முடிகிறது. பொறுப்பை ஏற்க வரும் பெண் நாங்குநேரிப் பக்கம், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்காளர். பையை மாற்றிவிட்டோம், இப்போது பூட்டுள்ள இரும்புப் பெட்டி. சாவி இரண்டு. போன சனிக்கிழமை முழுக்க அவளோடு உட்கார்ந்து பாஸ்புக்கையும் தீர்மானப் புத்தகத்தையும் வரிவரியாக ஒப்பிட்டோம். ஒரு 1,150 ரூபாய் ஒத்துவரவில்லை. கண்டுபிடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.