ஒரு வட்டாரத்தை வரைந்து நிதி திரட்டும் புத்தகம்: முதல் முறை செய்பவர்களுக்கு

ஓவியப் புத்தகம் போட்டு, விற்று வரும் பணத்தை உதவி தேவைப்படுவோருக்குக் கொடுப்பது பழைய வழக்கம்தான். 1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியதுமே பிரிட்டனில் இப்படிப் பல புத்தகங்கள் வந்தன. 1915-ல் எட்மண்ட் டுலாக் என்ற ஓவியர் பிரெஞ்சு செஞ்சிலுவைச் சங்கத்துக்காக ஒன்று வரைந்து கொடுத்தார். அவையெல்லாம் பேர்பெற்ற ஓவியர்களின் பெயரைப் பார்த்தே விற்றுப்போனவை. நம் பெயர் யாருக்கும் தெரியாது. அதனால் புத்தகத்தைக் கையில் எடுப்பவர், "அட, இது அந்தப் படித்துறைதானே, இது அவர்தானே!" என்று சொல்ல வேண்டும். நம் புத்தகம் விற்க அதுதான் வழி. கீழே சொல்வதை எல்லாம் இந்த ஒன்றை மனதில் வைத்தே சொல்கிறேன்.

படி 1: பணம் யாருக்கு?

வரையத் தொடங்கும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். ஓர் அமைப்புக்குக் கொடுப்பதாக இருந்தால் அவர்களிடம் நேரில் பேசி, பெயரையும் சின்னத்தையும் அட்டையில் போட எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். "நல்லதுதானே செய்கிறோம், கேட்காமல் போட்டால் என்ன?" என்று நினைக்க வேண்டாம். நிதி திரட்டும் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் பகுதியில் என்ன விதி என்பது பெரும்பாலும் அந்த அமைப்புக்கே தெரிந்திருக்கும்.

படி 2: எல்லையைச் சுருக்குங்கள்

ஒரு மாவட்டம் முழுவதையும் ஒரே புத்தகத்தில் அடக்க நினைத்தால் எதுவும் தேறாது. ஓர் ஆற்றில் பாலத்திலிருந்து முகத்துவாரம் வரை, ஒரு பேருந்தின் முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை என ஒரு கோடு இருக்கட்டும். ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1830-களில் டோகைடோ நெடுஞ்சாலையின் 53 தங்கல் நிலையங்களை இப்படித்தான் வரிசையாக மரக்கட்டையில் செதுக்கி அச்சிடும் ஓவியங்களாக்கினார். அவற்றில் மலையும் கடலும் எவ்வளவு முக்கியமோ, மழைக்குக் குனிந்து ஓடும் வழிப்போக்கர்களும் அவ்வளவு முக்கியம்.

கோடு கிடைத்ததும் 40 காட்சிகளைப் பட்டியலிட்டு, அதில் பாதியை அடித்துவிடுங்கள். எல்லா அஞ்சலட்டையிலும் வரும் கோபுரமும் நினைவுச் சின்னமும்தான் முதலில் போக வேண்டியவை. பத்து வருடம் கழித்து இருக்குமா என்று சந்தேகப்படும் இடங்களை விடாதீர்கள். 1940-ல் கலை வரலாற்றாளர் கென்னத் கிளார்க் முன்னெடுத்த ஒரு திட்டத்தில், குண்டுவீச்சிலும் கட்டடப் பெருக்கத்திலும் மறையக்கூடிய பிரிட்டன் காட்சிகளை ஓவியர்கள் நீர்வண்ணத்தில் பதிந்து வைத்தார்கள். அப்படிச் சேர்ந்த படங்கள் 1,500-க்கும் மேல்.

படி 3: சாமான்கள்

அதிகம் வேண்டாம். 2பி பென்சில், 12 வண்ணங்கள் கொண்ட சின்ன வாட்டர்கலர் பெட்டி, இரண்டு பிரஷ், 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அலையாகச் சுருண்டுவிடும். பேனா வாங்கும்போது தண்ணீரில் கரையாத மை என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் வண்ணம் பூசிய அடுத்த நொடியே கோடெல்லாம் கலங்கிப்போகும்.

படி 4: நிலத்தை வரைவது

புதியவர்கள் பொதுவாக மலை, மரம், வீடு எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மிச்ச இடத்தில் ஆட்களைச் சொருகுவார்கள். ஆள் ஒன்று பொம்மைபோல் நிற்பார், அல்லது வீட்டை விடப் பெரிதாக இருப்பார். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். முதலில் ஓர் ஆள், அப்புறம் அவரைச் சுற்றி நிலம்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. சமதரையில் நின்று வரைகிறீர்கள் என்றால், அடிவானக் கோடு உங்கள் கண் மட்டத்தில் இருக்கும். உங்கள் உயரமே உள்ள ஒருவர் பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும் அவர் கண்கள் அதே கோட்டில்தான் வரும். தூரம் போகப் போகக் கால்கள் மட்டும் மேலே ஏறும். உட்கார்ந்து வரைந்தால் கோடு அவர் மார்பையோ இடுப்பையோ வெட்டும். இந்த ஒன்று பிடிபட்டால் கூட்டத்தையும் பயமில்லாமல் வரையலாம்.

காலையிலோ மாலையிலோ போங்கள், நிழல் நீளமாக விழும். நிழலை முதல் பத்து நிமிடத்திலேயே கோடிட்டு வைத்துவிடுங்கள். அது நகர நகர நீங்களும் மாற்றிக்கொண்டே போனால் படத்தில் இரண்டு சூரியன் வந்துவிடும்.

படி 5: ஆட்களை வரைவது

புத்தகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

போனவுடன் நோட்டைத் திறக்காமல் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். பிறகு வரைய நினைப்பவரிடம், என்ன செய்யப் போகிறோம், பணம் எங்கே போகும் என்று சொல்லி, வரையலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி நகர்ந்துவிட வேண்டும். சரி என்றால், படம் புத்தகத்தில் வரும், விற்பனைக்குப் போகும் என்பதைத் தெளிவாகச் சொல்லி ஒரு சின்னத் தாளில் ஒப்புதல் வாங்குங்கள். படிக்கத் தெரியாதவருக்கு அவர் நம்பும் ஒருவரை வைத்து வாசித்துக் காட்டலாம். குழந்தை என்றால் பெற்றோரின் சம்மதம் கட்டாயம். பெயர் போடலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். முகம் வரலாம், பெயர் வேண்டாம் என்பவர்கள் நிறைய. அடுத்தவர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைவதானால் எடுத்தவரின் அனுமதியும் தேவை.

"கொஞ்சம் அசையாமல் இருங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள், உடனே ஆள் விறைத்துப் போவார். வேலை செய்பவரின் உடல் ஒரே சுற்றில் திரும்பத் திரும்ப வரும். செருப்புத் தைப்பவர் ஊசியைக் குத்துவார், நூலை இழுப்பார், கையை அகல விரிப்பார், மறுபடி குத்துவார். ஒரே தாளில் மூன்று நிலைகளையும் தொடங்கிவிட்டு, அவர் எந்த நிலைக்கு வருகிறாரோ அந்தப் படத்தில் இரண்டு கோடு சேருங்கள். கையையும் கருவியையும் முதலில், முகத்தைக் கடைசியில் வரையுங்கள். முகம் சுமாராக வந்தாலும், தோள் சாயும் விதத்தை வைத்தே தெரிந்தவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் முதல் புத்தகத்தில் ஒருவருடைய சட்டைக் கிழிசலை ஆசையாக, இழை இழையாக வரைந்தேன். பார்த்துவிட்டு, "இதையும் போடணுமா?" என்று கேட்டார். எனக்கு நாக்கு எழவில்லை. பரிதாபத்தைக் காட்டினால் பணம் அதிகம் வரும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் தன் வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புகிற படமா என்பதுதான் இப்போது என் அளவுகோல்.

கிளம்பும் முன் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். படத்துக்குக் கீழே அது போதும். "உழைப்பின் சின்னம்" போன்ற வருணனை எல்லாம் எதற்கு?

படி 6: ஸ்கேன், பக்க அமைப்பு

அச்சில் வரப்போகும் அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) இருக்க வேண்டும். ஏ5 பக்கம் முழுக்க வரும் படத்துக்கு அது 1748 x 2480 பிக்சல். படத்தைப் பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால் 600-ல் ஸ்கேன் செய்யுங்கள். ஓரம் வரை வண்ணம் போகும் படங்களுக்கு வெட்டுப்படுவதற்கென்று பொதுவாக நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். எவ்வளவு என்று அச்சகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நடு மடிப்பில் யாருடைய முகமும் விழக் கூடாது. திரையில் மின்னும் நீலமும் பச்சையும் நான்கு வண்ண அச்சில் சற்று மங்கும், அதனால் தாளில் ஒரு மாதிரி அடித்துப் பார்க்காமல் முழு வேலையைக் கொடுக்காதீர்கள்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் வரும். நான் 38 பக்கம் தயாரித்துக்கொண்டு போய் நின்றேன். அச்சகத்தில் சிரித்தார்கள். வெற்றுத் தாள்களை மடித்து ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம் செய்து பக்க எண் போட்டிருந்தால் வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

படி 7: எத்தனை பிரதி, என்ன விலை

ஆஃப்செட் என்பது உலோகத் தகடு (பிளேட்) செய்து அச்சிடும் முறை. அதில் பிளேட் போடும் செலவு முதலிலேயே வந்துவிடும், அதனால் பிரதி கூடக் கூட ஒன்றின் அடக்கவிலை குறையும். பிளேட் இல்லாமல் கணினிக் கோப்பிலிருந்தே அச்சிடும் டிஜிட்டலில் அது பெரிதாக மாறாது. அடக்கவிலை குறையும் என்ற ஆசையில் ஆஃப்செட்டில் ஆயிரம் பிரதி அடித்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்க வேண்டாம். முன்பதிவு எடுத்து, அதற்குக் கொஞ்சம் மேலே டிஜிட்டலில் அடியுங்கள்.

விலையில் அச்சு, தபால், கடைக்காரர் கழிவு எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று முன்பே கணக்கிடுங்கள். "லாபம் முழுவதும் நன்கொடை" என்று மொட்டையாக எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ஒரு பிரதிக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்ற தொகையையே பின்னட்டையில் போடலாம். விற்பனை முடிந்ததும் வரவு செலவையும் பணம் கொடுத்த ரசீதையும் எல்லோரும் பார்க்க வெளியிடுங்கள்.

படி 8: முதல் பிரதிகள்

இவை விற்பனைக்கு அல்ல. படத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று, நேரில் போய்க் கொடுங்கள். மறுபடி அச்சிட நேர்ந்தால் திருத்துவதற்காக ஸ்கேன் கோப்புகளைப் பத்திரமாக வைத்து, கூடவே ஒரு திருத்தப் பட்டியலும் தொடங்குங்கள். வலை பின்னுபவர் ஒருவரிடம் அவர் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். முகத்தைப் பார்ப்பார் என்று நான் காத்திருக்க, அவர் விரலை வலையின் மேல் வைத்து, "முடிச்சை எதிர்ப்பக்கமாகப் போட்டுவிட்டீர்களே" என்றார். என் பட்டியலில் முதல் வரி அதுதான்.